பாதை தொடர்வதாகக் கொள்ளவும்

அன்று காலை பத்தரை மணிக்கு வருவோர் நல வாரியத்தின் சவாரிக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். வாரியத்தின் இயக்குநர் அம்மையார், கழுத்தில் விசிலும் கையில் மதிப்பெண் அட்டையுமாகச் சவாரிப் பரிசோதகர், காரண எழுத்தர், அதாவது விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்ற ஒரே பத்தியை நிரப்புவதற்காகச் சம்பளம் வாங்குபவர், யாரும் கூப்பிடாமல் வந்து கதவோரம் நின்ற லாரி ஓட்டுநர், என் மைத்துனர், என் மனைவி, நான். எட்டாவதாக இருந்திருக்க வேண்டியவள் என் மகள். அவளைப் பற்றியதுதான் அன்றைய காரியம். அவள் இறந்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

என் மகளுக்கு வயது முப்பத்து நான்கு. செவிக்கருவி அணிபவர்களின் காதுக்குள் களிம்பு போன்ற ஒன்றை நிரப்பி அச்செடுத்து, அந்தக் காதுக்கு மட்டுமே பொருந்தும் குமிழைச் செய்து தருவது அவள் தொழில். நல்ல கை. வாரியம் இருக்கும் அந்த நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்று அவளைக் கூப்பிட்டது. போகட்டும், ஆனால் எதையும் முறைப்படி செய்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். நான் தெருவுக்குள் நுழைந்தால் கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைப்பார்கள். என் வீட்டில் முறை என்பது சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுவது போல.

அந்த நகரத்துக்குக் குடியேறுகிறவர்களைக் கவனிப்பதற்கென்றே வருவோர் நல வாரியம் இருக்கிறது. வீட்டுச் சாமான்களை ஏற்றிவர வாரியமே லாரி அனுப்பும். லாரி வாடகையில் பாதியை வாரியமே ஏற்கும். பதிலுக்கு வருகிறவர் நூற்றெண்பது நாள் சைக்கிளில்தான் வேலைக்குப் போக வேண்டும். அந்த நகரம் தன்னைச் சைக்கிள் நகரம் என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பழைய குடிமக்கள் யாரும் சைக்கிளில் போகத் தயாராக இல்லாததால், அறிவிப்பைக் காப்பாற்றும் பொறுப்பு புதிதாக வருகிறவர்களுக்கு வந்து சேர்ந்தது.

சாமான் வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு கையேடு வந்தது. அறுபத்து நான்கு பக்கம். வீடு தேடுவது, தண்ணீர் இணைப்பு, மருத்துவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று பக்கம். மீதி அறுபத்தொன்றும் தலைக்கவசத்தின் வாரை எப்படி இறுக்குவது, மணியை எத்தனை முறை அடிப்பது, நீலக் கோட்டின் மேல் எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றி. அவள் அதை அடிக்கோடிட்டுப் படித்தாள். அது என் வளர்ப்பு. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சவாரித் தேர்வு முடிந்த அன்று தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்பதுக்கு அம்பது!"

"எதெதுக்கு எவ்வளவு?"

"மணி அடிக்க பத்து, கை காட்ட பத்து, கோட்டுல போறதுக்கு இருபது, கடைசியா ஒரு உறுதிமொழிக்கு அஞ்சு. சிரிச்ச முகத்துக்கு அஞ்சு மார்க் தனியா இருக்குப்பா!"

"அதுல எப்படி முழுசா வாங்கின? நம்ம வீட்டு மூஞ்சியாச்சே."

அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து அறைவரை கேட்டது. பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். அவர்கள் இருவரும் குரலைத் தாழ்த்தி வெகுநேரம் பேசினார்கள். சமையல் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

குடியேறிய இருபத்து மூன்றாம் நாள் காலை எட்டு நாற்பதுக்கு, நீலக் கோட்டின் மேல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சரக்குக் கிடங்கின் வாயிலிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்த லாரி மோதி அவள் இறந்தாள். லாரி வாரியத்துடையது. வேறு யாரோ புதிதாகக் குடியேறியவரின் கட்டிலும் அலமாரியும் அதில் இருந்தன. லாரியின் பின்கதவில் 'வருக! வருக!' என்று முழ உயர எழுத்தில் எழுதியிருந்தது.

அவள் இறந்த இருபத்தாறாம் நாள் விபத்துப் பதிவேட்டின் நகல் தபாலில் வந்தது. காரணம் என்ற பத்தியில் ஒரே வரி: 'சவாரி செய்தவர் கோட்டிலிருந்து விலகியது.'

அதைப் படித்துவிட்டு என் மனைவி காகிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். நான் பெட்டி எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் கோட்டிலிருந்து விலகியவர் ஒருவரும் கிடையாது. இழப்பீடு கேட்டு நாங்கள் போகவில்லை. அந்த ஒரு வரியை அழிக்கப் போனோம். மைத்துனர் துணைக்கு வந்தார். அவர் எப்போதும் துணைக்கு வருவார். பெரும்பாலும் வாயை மூட மாட்டார்.

முதலில் நான் ஒரு வேலை செய்தேன். என் பழைய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். நீலக் கோடு நேராக வந்து, கிடங்கு வாயிலுக்கு இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் முன்னால் சட்டென்று நின்றுபோயிருந்தது. அங்கே ஒரு கம்பத்தில் ஒரு பலகை: 'பாதை தொடர்வதாகக் கொள்ளவும்.' கோடு முடிந்த இடத்திலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் தார்மேல் சைக்கிள் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் இருந்தது. கோட்டின் நடுவிலேயே வந்திருந்தது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒரே அளவுதான்.

வாரிய அலுவலகத்தில் பன்னிரண்டு கவுண்டர்கள். பன்னிரண்டிலும் 'வருகை' என்று எழுதியிருந்தது.

"விபத்து சம்பந்தமா வந்திருக்கோம். எந்தக் கவுண்டர்?" என்று கேட்டேன்.

"இங்க வர்றவங்களுக்கு மட்டும்தான் சார் கவுண்டர்" என்றாள் அங்கிருந்த பெண். "நீங்க இப்ப வந்திருக்கீங்க இல்ல? அப்ப வருகையில போட்டுக்கறேன்."

எங்கள் மூன்று பேரையும் புதியவர்களாகப் பதிவு செய்தாள். ஆளுக்கு ஒரு சைக்கிள் மணியும், நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் தந்தாள். 'நான் புதியவன். என்னைப் பார்த்துப் புன்னகையுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. வில்லை இல்லாமல் உள்ளே போக முடியாது என்றார்கள். என் மனைவி குத்திக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் நாங்கள் நடந்த நான்கு நாளும் எதிரில் வந்த ஊழியர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அப்படி ஒரு விதி இருந்தது.

இரண்டாம் நாள் அவளுடைய சாமான்களைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆள் பற்றாக்குறையால் காரண எழுத்தரே சாமான் பிரிவையும் பார்த்துக்கொண்டார். நாற்பது வயதுக்காரர், மெலிந்த, பணிவான, எதற்கும் வருத்தப்படத் தயாரான முகம். கிடங்கில் பதினான்கு பெட்டிகள் இருந்தன. ஒன்பது பெட்டிகளை அவள் இன்னும் பிரித்திருக்கவே இல்லை. ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதை அழகாக எழுதி ஒட்டியிருந்தாள்.

ஏழாவது பெட்டியைத் திறந்ததும் எழுத்தர் பின்வாங்கினார். "ஐயா, இதுல காது இருக்கு."

"இருக்கும்."

"நெறைய இருக்கு."

"இருநூற்றுப் பன்னிரண்டு. மேலேயே எழுதியிருக்கிறாள். சுண்ணாம்பில் வார்த்தவை. அவள் தொழில்."

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "மனித உறுப்புன்னா தனி லாரிங்க. பாதுகாப்பு ஆளோட. குளிர்பதனம் வேற."

"தம்பி," என்றார் மைத்துனர், "அது சுண்ணாம்பு. வேணும்னா ஒண்ண எடுத்து செவுத்துல கோடு போட்டுப் பாருங்க."

எழுத்தர் கோடு போட்டுப் பார்த்தார். விழுந்தது. 'காது (எழுதக்கூடியது) – 212' என்று பதிந்துகொண்டார். அடுத்து, நான்தான் தகப்பன் என்பதற்குச் சான்று கேட்டார். என்னிடம் இருந்த காகிதங்கள் எல்லாம் வேறு நகரத்தின் முத்திரை கொண்டவை, அவை செல்லாது. 'ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க உடல் அடையாளம் போதுமானது' என்று ஒரு துணைவிதி இருக்கிறதே என்று அவரே வருத்தத்தோடு சொன்னார்.

என் மனைவி பெட்டிக்குள் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தாள். உள்ளே இரண்டு காதுகள். 'அப்பா' என்று பென்சிலால் எழுதியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னைப் பிடித்து உட்காரவைத்து அச்செடுத்தாள். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறது, மற்றவர்கள்தான் மெதுவாகப் பேசுகிறார்கள் என்று சொல்லி நான் கருவியை மறுத்துவிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை. அச்சைத் தூக்கிப்போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

எழுத்தர் சுண்ணாம்புக் காதை என் காதோரம் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "பொருந்துது" என்றார். தகப்பன் என்று பதிவானேன். அந்தப் பட்டம் எனக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளாக இருந்துவந்தது.

போக்குவரத்துச் செலவு பற்றியும் அப்போதே சொல்லிவிட்டார். நூற்றெண்பது நாள் நிபந்தனையில் இருபத்து மூன்று நாளே நிறைவேறியிருப்பதால் வாரியம் தந்த பாதியை நாங்கள் திருப்பித் தர வேண்டும். பெட்டிகள் திரும்பிப் போவதற்கு உதவி கிடையாது, ஏனென்றால் வாரியத்தின் அகராதியில் திரும்பிப் போவது என்ற சொல்லே இல்லை. மைத்துனர் வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தினேன். அங்கேயே முழுவதையும் கட்டி ரசீது வாங்கினேன். நாங்கள் பாக்கி வைக்கிற குடும்பம் இல்லை.

அதற்குப் பிறகுதான் பதிவேட்டைப் பற்றிப் பேச விட்டார்கள். என் அளவுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் மரியாதையாகப் படித்தார்.

"சுத்தமான வேலைங்க ஐயா. ஆனா நூத்தெம்பது நாள் இங்க குடியிருந்தவங்க அளந்தாத்தான் செல்லும். உங்க சென்டிமீட்டர் வெளியூர் சென்டிமீட்டர்."

"லாரி ஓட்டுநரே சொல்லியிருக்கிறாராமே, அவள் கோட்டின் மேல்தான் வந்தாள் என்று. கிடங்கு வாயிலில் சொன்னார்கள்."

"சொன்னாருங்க. ஆனா ஓட்டுநர் படிவத்துல ரெண்டே கட்டம்தான். 'பார்த்தேன், தவிர்க்க முயன்றேன்.' இல்ல, 'பார்க்கவில்லை.' அவரு பாக்கலைன்னு குறி போட்டாரு. பாக்காத ஆளு எங்க வந்தாங்கன்னு எப்படிங்க சொல்ல முடியும்?"

"நிறுத்தின பிறகு இறங்கிப் பார்த்திருக்கிறார்."

"அதுக்குக் கட்டம் இல்லீங்க."

காரணப் பத்தியில் மொத்தம் மூன்று காரணங்களுக்குத்தான் அனுமதி உண்டாம். சவாரி செய்தவர் விலகியது. சவாரி செய்தவரின் கவனக்குறைவு. வானிலை. எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"நான் ஒண்ணு செய்யறேன் ஐயா. உங்க மனசு புரியுது. வானிலைன்னு மாத்தி, லேசான மேகமூட்டம்னு போட்டுத் தரேன். யாரு மேலயும் பழி வராது."

"அன்றைக்கு வெயில் அடித்தது" என்றேன்.

"கொஞ்சூண்டு மேகம்தாங்க. ஒரு ஓரமா."

"என் மகளுக்காக நான் மேகத்தைக் கடன் வாங்க வரவில்லை."

என் மனைவி முதல்முறையாகப் பேசினாள். "நாலாவதா ஒண்ணு இருக்கா தம்பி?"

எழுத்தர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, நூல்கூடப் பிரிக்காத ஒரு படிவக் கட்டை எடுத்தார். 'பாதையின் குறை.' இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். அதை எழுத வேண்டுமானால் இறந்தவரின் நேரடி ரத்த உறவு ஒருவர், சவாரிக் கூடத்தில், இறந்தவர் எடுத்த அதே தேர்வை ஓட்டிக் காட்டி, அதே மதிப்பெண் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால், கோட்டில் போகத் தெரிந்த வம்சம் என்று நிரூபணமாகும். அதற்கு மறுசவாரி என்று பெயர்.

"அதே மார்க்னா?" என்றார் மைத்துனர்.

"அம்பதுக்கு அம்பதுங்க. குறைஞ்சா, விலகினதுங்கறது நிலைச்சிடும். அப்புறம் மாத்தவே முடியாது."

நான்காம் நாள்தான், தொடக்கத்தில் சொன்ன ஏழு பேரும் கூடத்தில் கூடியது.

கூடம் நீளமானது. பளபளவென்று மெழுகிய தரையில் அதே நீலக் கோடு. மேலே விளக்குகள். கோடு நேராகப் போய், எதிர்ச் சுவருக்கு அதே இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் முன்னால் நின்றது. அங்கே அதே பலகை. 'பாதை தொடர்வதாகக் கொள்ளவும்.'

"எது முதலில் வந்தது? இந்தக் கூடமா, சாலைப் பாதையா?" என்று பரிசோதகரைக் கேட்டேன்.

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "கூடம்தான் சார் மொதல்ல. பத்து வருஷம் முன்னாடியே கட்டியாச்சு. இங்க படிச்சுட்டு ரோட்டுக்குப் போறவங்க குழம்பக் கூடாதுல்ல? அதனால ரோட்டுப் பாதையோட கடைசித் துண்ட அப்படியே கூடத்தப் பாத்துப் போட்டோம். ஒரு அங்குலம் மாறல. கூடத்துல செவுரு வந்ததால கோடு நின்னுச்சு. ரோட்டுலயும் அதே எடத்துல நிறுத்திட்டோம்."

"ரோட்டில் சுவர் இல்லையே. வாயில் அல்லவா இருக்கிறது?"

"அது பயிற்சிக்குள்ள வராது சார்."

இயக்குநர் அம்மையார் எழுந்து நின்று பேசினார். கையில் காகிதம் இல்லை; மனப்பாடம்.

"அன்பார்ந்த புதியவர்களே! உங்கள் துயரம் வாரியத்தின் துயரம். ஒரு புதியவரை இழக்கும்போது எங்கள் இலக்கில் ஒன்று குறைகிறது. அந்த வலி எங்களுக்குத் தெரியும். ஆனால் உண்மைகளையும் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளில் இந்தக் கூடத்துக்குள் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. விபத்துகள் எல்லாம் வெளியே, சாலையில்தான் நடக்கின்றன. பாதையின் குறை என்று ஒரு புகாரும் பதிவானதில்லை. பதிவு செய்யும் முறையை எவ்வளவு கவனமாக அமைத்திருக்கிறோம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? உங்கள் மகள் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியவர். எங்கள் பயிற்சியின் பெருமை அவர். அவர் எங்கள் புள்ளிவிவரத்தில் என்றும் வாழ்வார்."

மைத்துனர் என் காதருகே குனிந்தார். "மாமா, இந்தம்மா நம்மள கைதட்டச் சொல்றாங்களா?"

"நீ சும்மா இரு" என்றேன். இயக்குநர் ஒரு கணம் காத்திருந்துவிட்டு உட்கார்ந்தார். காத்திருந்தது கைதட்டலுக்குத்தான்.

"சரி, யாரு ஓட்டப்போறீங்க?" என்றார் பரிசோதகர். மூலையில் சைக்கிள் சாத்தியிருந்தது. ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்று தயாராக இருந்தது. முதுகில் 'இறந்தவருக்காக' என்று அச்சடித்திருந்தார்கள்.

"நான் தாய்மாமன். நானே ஓட்டறேன்" என்று மைத்துனர் எழுந்தார்.

"தாய்மாமன் செல்லாதுங்க" என்றார் எழுத்தர். "அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க, பெத்த புள்ள. அவ்வளவுதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயது எழுபத்தொன்று என்றாலும் என் முதுகு வளையவில்லை. பார்ப்பவர்கள் என்னை எதற்கும் லாயக்கானவன் என்றே நினைப்பார்கள். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் நடந்தும் பேருந்திலும் போனேன். ஓர் ஆய்வாளர் மிதிமிதியென்று மிதித்துக்கொண்டு போவது கௌரவம் இல்லை என்று சொல்லிவந்தேன். அப்படிச் சொன்னதால் யாரும் காரணம் கேட்டதில்லை. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சொல்ல வேண்டிய வாக்கியம் என் வாயில் இருந்தது. வெளியே வரவில்லை.

என் மனைவி தன் கைப்பையை என் மடியில் வைத்தாள்.

"நான் ஓட்டறேன்."

"உனக்கு எங்கே ஓட்டத் தெரியும்?"

"பாப்பாவுக்கு யாரு சொல்லிக்குடுத்தான்னு நெனச்சுட்டிருந்தீங்க?"

கல்யாணமான முதல் மாதம் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பச்சை நிறம். எங்கள் வீட்டுப் பெண்கள் சைக்கிளில் போவதில்லை என்று சொல்லி அதைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் வரவில்லை. அது தீர்ந்துபோன விஷயம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நீங்க மத்தியானம் கடை கடையா தராசு பாக்கப் போவீங்கல்ல மாமா," என்றார் மைத்துனர், தரையைப் பார்த்துக்கொண்டே. "அந்த நேரத்துல பழைய மாவு மில்லு மைதானத்துல. என் சைக்கிள்தான். அக்கா பின்னாலேயே ஓடும். ஒரு வாரத்துல புள்ள கத்துக்கிச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு அக்கா."

என் மகளுக்கு யார் கற்றுத் தந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தானாக வந்தது என்று நினைத்திருந்தேன். நல்ல பழக்கங்கள் எங்கள் குடும்பத்தில் தானாக வரும் என்று நம்பினேன்.

மேல்சட்டை அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது. தலைக்கவசத்தின் வாரைப் பரிசோதகர் இறுக்கினார். சைக்கிள் இருக்கை உயரமாக இருந்தது. கதவோரம் நின்ற லாரி ஓட்டுநர் அப்போதுதான் அசைந்தார். பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, யாரையும் பார்க்காமல் வந்து குத்துக்காலிட்டு, இருக்கையை இறக்கி, ஆட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கினார்.

"சரியா இருக்காம்மா?"

"இன்னும் ஒரு விரக்கடை எறக்குப்பா."

இறக்கினார். எழுந்து நின்றார். "அம்மா, அன்னைக்கு அவங்க..."

"தெரியும். நீ சொன்னியாமே. எழுத்தர் தம்பி சொன்னாரு. தள்ளி நில்லு, இடிச்சிடப்போறேன்."

அந்தக் கூடத்தில் யாரும் யாரிடமும் அதைவிட இதமாகப் பேசி நான் கேட்கவில்லை. நான் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

விசில் ஊதியது. அவள் ஏறினாள். முதல் ஐந்தாறு அடி முன்சக்கரம் தள்ளாடியது. நான் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்துவிட்டது. மணியை மூன்று முறை அடித்தாள். இடது கையை நீட்டினாள், வலது கையை நீட்டினாள். கோட்டின் மேல் நூல் பிடித்தது போலப் போனாள். நான் முப்பத்து மூன்று ஆண்டு நேர்கோடு பார்த்தவன், எனக்குத் தெரியும். அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி ஒரு கூடத்துக்குள் ஆரஞ்சுச் சட்டையில் சைக்கிள் ஓட்டுவது சிரிப்புக்கு இடமான காட்சி. யாரும் சிரிக்கவில்லை.

பரிசோதகர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு குறி போட்டார். "பத்து... பத்து... நல்லா போறீங்கம்மா... இப்ப சிரிச்ச முகம். அஞ்சு மார்க். இதுல கொஞ்சம்..."

"என்ன தம்பி?"

"மன்னிச்சுக்குங்கம்மா. விதி. கொஞ்சம் சிரிக்கணும். பல்லு தெரியணும்னு கட்டாயமில்ல."

என் மனைவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு மூஞ்சி அல்ல அது. அது மாவு மில் மைதானத்தில் ஒரு குழந்தைக்குப் பின்னால் ஓடிய முகமாக இருக்க வேண்டும்; நான் பார்த்திராத முகம். பரிசோதகர் ஐந்து என்று எழுதினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை இயக்குநர் அம்மையார் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

கோடு முடியும் இடம் வந்தது. அவள் பலகைக்கு முன்னால் நின்றாள்.

"நாப்பத்தஞ்சு!" என்றார் பரிசோதகர், மூச்சு வாங்க. "உறுதிமொழி மட்டும்தாம்மா பாக்கி. பலகையப் பாத்து, 'பாதை தொடர்கிறது'ன்னு சத்தமா சொல்லணும். அவ்வளவுதான், அம்பது. எல்லாரும் சொல்லுவாங்க. உங்க பொண்ணும் சொன்னாங்க."

அவள் பலகையைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"தொடரலயேப்பா" என்றாள்.

"தொடருதுன்னு வெச்சுக்கிட்டு சொல்லுங்கம்மா. வார்த்தைதானே."

"பாதை இங்க முடிஞ்சுபோச்சுன்னு பதிய வைக்கத்தான் நாங்க வந்தோம். தொடருதுன்னு நான் சொன்னாத்தான் அது முடிஞ்சுபோச்சுன்னு எழுதுவீங்களா?"

பரிசோதகர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மலர்ந்த முகத்தோடு, "சரியாகப் புரிந்துகொண்டீர்கள்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். இரண்டு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அந்த வரி அழிந்துவிடும். என் மகள் கோட்டிலிருந்து விலகியவள் என்று எந்தக் காகிதமும் சொல்லாது. நான் வந்த காரியம் அது ஒன்றுதான். "சொல்லிவிடு" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை.

"நீங்க சொல்லி நான் கேக்காதது ஒண்ணும் இல்ல. ஆனா பாப்பா இத நம்பித்தாங்க போனா. அவ வாயில போட்டு அனுப்புன பொய்ய என் வாயால நான் எப்படிச் சொல்லுவேன்?"

கூடத்தில் விளக்குகளின் ரீங்காரம் எனக்குக்கூடக் கேட்டது. என் மகள் அந்தப் பலகைக்கு முன் நின்று சத்தமாகச் சொல்லியிருப்பாள். முழு மதிப்பெண்ணுக்குச் சொல்லியிருப்பாள். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லியிருப்பாள். சொன்னபடியே இருபத்து மூன்றாம் நாள் காலை ஓட்டிப்போனாள்.

"சரி, வா. போகலாம்" என்றேன்.

நாற்பத்தைந்து. எழுத்தர் 'பாதையின் குறை' கட்டை மறுபடி நூலால் கட்டினார். முடிச்சு அவருக்குச் சரியாக விழவில்லை. இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார். பதிவேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது. இனி மாற்ற முடியாது. பதினான்கு பெட்டிகளையும் எங்கள் ஊருக்கு ஏற்றிவந்தது அந்த லாரி ஓட்டுநர்தான். வாரியத்து லாரியில் அல்ல. தன் உறவினரின் வண்டியை வாங்கி வந்தார். வாடகை வாங்க மறுத்தார். நாங்கள் இனாம் வாங்குகிற குடும்பம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவரை உட்காரச் சொல்லி, சாப்பிடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது வாரியத்தின் ஆண்டறிக்கையில் ஒரு பத்தி வந்திருக்கிறது. அதைப் படித்த எங்கள் உறவினர் சிலர் கல்யாண வீடுகளிலும் அதையே பேசுகிறார்கள். மறுசவாரியின்போது வயதான தாய் துக்கத்தில் நிலைதடுமாறிச் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார், அதனால்தான் காரியம் கெட்டது என்று. அது தவறு. என் மனைவி விழவில்லை. கோட்டின் மேலேயே கடைசிவரை ஓட்டிப்போய், கோடு முடிந்த இடத்தில் பிரேக் பிடித்து, இடது காலை ஊன்றி இறங்கினாள்.